மாத்தாளாகப் போன கண்

வேலம்பாளையத்தில் வந்து கன்னையன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஓட்டைக் கன்னையன் என்று கேட்டால் டீக்கடைக்காரரே கடையை விட்டு இறங்கி வந்து வீட்டைக் காட்டிவிட்டுப் போவார். பெயரைக் கேட்டு யாரும் தப்பாக நினைத்துவிட வேண்டாம். பனியன் துணியில் ஓட்டை எந்த மூலையில் ஒளிந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுகிற மனுஷர் என்பதால் வந்த பெயர் அது. காங்கேயத்துப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். கிணறு வற்றிப்போனதும் தம்பி சென்னியப்பனையும் கூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் பஸ் ஏறினார். எடுபிடி வேலையில் ஆரம்பித்து, மடிப்பு, பேக்கிங் என்று சுற்றி, கடைசியில் செக்கிங்குக்கு வந்தவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்துவிட்டார் என்பது பேச்சுக்குத்தான், செக்கிங் நின்றுகொண்டே செய்கிற வேலை.

சாய்வான கண்ணாடிப் பலகைக்கு அடியில் டியூப் லைட் எரியும். அதன்மேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். ஊசி ஒடிந்த கோடு, எண்ணெய்த் துளி, ஓட்டை, எது கண்ணில் பட்டாலும் மிஷினை நிறுத்தி அந்த இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். மற்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்கிற இந்த வேலையைக் கன்னையன் பக்கத்து ஆளிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டே செய்வார். "என்ற கண்ணுக்குத் தப்பி ஒரு புள்ளி வெளிய போவாது" என்று சொல்லிக்கொள்வார். அது உண்மைதான். உண்மை என்பதாலேயே அதை அவர் கொஞ்சம் அதிகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவரோடு செக்கிங்கில் கருத்தம்மா என்று ஒரு அம்மாள் இருந்தாள். தெற்கே இருந்து பிழைக்க வந்தவள். ஒருநாள் அவள் பார்த்து விட்ட துணியில் ஊசிக்கோடு ஒன்று முழு நீளத்துக்கும் ஓடியிருந்தது. கன்னையன் அதை எடுத்துச் சூப்பர்வைசரிடம் சத்தமில்லாமல் காட்டியிருக்கலாம். கம்பெனி முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஏனுங்க கருத்தம்மா, கண்ணை ஊட்டுலயே கழட்டி வெச்சுட்டு வந்துட்டீங்களாட்ட இருக்குது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மறுவாரமே அவளைப் பிசிறு வெட்டுகிற இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். கன்னையனுக்கு அப்போது அது பெரிதாகப் படவில்லை. கண் போனவர்களுக்கு செக்கிங்கில் என்ன வேலை என்றுதான் நினைத்தார்.

அப்புறம் அவருக்கே சர்க்கரை வந்தது. காலில் பட்ட சின்னக் காயம் ஆறாமல் இழுத்தடித்தபோது டெஸ்ட் எடுத்ததில் தெரிந்தது. மனைவி மயிலாளுக்கும் தம்பிக்கும் தவிர யாருக்கும் சொல்லவில்லை. மாத்திரையை டிபன் பாக்ஸின் மேல் தட்டில் ஒளித்து எடுத்துப் போவார். செக்கிங்காரனுக்குச் சர்க்கரை என்று தெரிந்தால் அடுத்த கேள்வி கண்ணைப் பற்றித்தான் வரும் என்று அவருக்குத் தெரியும்.

இரண்டாயிரத்து நாலாம் வருஷம். மண்ணரையில் ஒரு கல்யாண மண்டபத்தில், சர்க்கரை இருக்கிறவர்களுக்குக் கண் பரிசோதனை முகாம் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். மயிலாள் விடவில்லை. "ஏனுங்க, ஞாயித்துக்கிழமைதானுங்க. போய்க் காட்டிட்டு வந்துருங்க. உங்களை ஆரு அங்க பாக்கப் போறாங்க" என்று துரத்தியே அனுப்பினாள்.

முகாமில் கவிப்பிரியா என்று சின்ன வயசு டாக்டர். எல்லோரையும் வரிசையாக உட்கார வைத்து விளக்கினாள். சர்க்கரை இருந்தால் கண்ணுக்குப் பின்பக்கத் திரையில் ரத்தம் கசியும். வலிக்காது, தெரியாது. தெரிகிறபோது நேரம் கடந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்க இத்தனை காலமும் பிலிம் கேமராவில்தான் படம் எடுத்தார்கள். இப்போது கம்ப்யூட்டரில் உடனே தெரிகிற டிஜிட்டல் கேமரா வந்திருக்கிறது. பிலிம் காட்டுகிற அளவுக்கு இதுவும் சரியாகக் காட்டுமா என்று யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை.

"அதனால ஒரே ஆளோட கண்ணை ரெண்டு கேமராலயும் எடுத்து ஒப்பிட்டுப் பாக்கறோம். புதுசு சரின்னு தெரிஞ்சா, வேன்ல வெச்சு ஊர் ஊரா எடுத்துட்டுப் போலாம். அங்கயே பாத்து அங்கயே சொல்லிரலாம்" என்றாள்.

கன்னையனும் சரி என்றார். கண்ணில் சொட்டு மருந்து விட்டார்கள். கண் பாப்பா விரிந்து வெளிச்சம் கூசியது. தாடையை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லி, பளிச் பளிச்சென்று எடுத்தார்கள். எடுத்த கையோடு கம்ப்யூட்டரில் அவர் கண் வந்து நின்றது. ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம், அதற்குள் வேர் பிரிகிற மாதிரி ரத்தக் குழாய்கள். கன்னையன் மங்கலான பார்வையோடு திரையை ஒட்டிப்போய்ப் பார்த்தார். கவிப்பிரியா பென்சில் முனையால் தொட்டுக் காட்டினாள்.

"இங்க, இங்க, அப்புறம் இங்க. சின்னச் சின்னதா சிவப்புப் புள்ளி தெரியுதுங்களா ஐயா? இப்பத்தான் ஆரம்பம். சர்க்கரையைக் கட்டுப்பாட்டுல வெச்சுக்கிட்டா பயமில்லை."

பயமில்லை என்று அவள் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. அவள் பென்சில் தொட்ட இடத்திலெல்லாம் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி அவருக்குத் தெரிந்தது. புள்ளி விழுந்த துணியை ஏற்றுமதிக்கு அனுப்ப மாட்டார்கள். கருத்தம்மாவின் முகம் ஞாபகம் வந்தது.

அன்றைக்கு மதியமே பிலிம் கேமராவின் பிளாஷ் பல்பு பொசுங்கிப் போனது. கன்னையனோடு சேர்த்துப் பாக்கி இருந்தவர்களை அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்கே வந்து அந்தப் படத்தையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். கையில் ஒரு அட்டை கொடுத்தார்கள். ரெண்டு படமும் இருந்தால்தான் ஒப்பிட முடியும் என்று கவிப்பிரியா கெஞ்சாத குறையாகச் சொல்லி அனுப்பினாள்.

இந்த இடத்தில் பனியன் கம்பெனி வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒருத்தன் வேலைக்கு வர முடியாவிட்டால் மாத்தாள் அனுப்புவான். தம்பியோ மச்சானோ பக்கத்து வீட்டுக்காரனோ, அவன் இடத்தில் நின்று வேலையை முடித்துவிட்டுப் போவான். காண்ட்ராக்டர் முகத்தைப் பார்க்க மாட்டார், பீஸ் வந்து சேர்ந்தால் சரி. இருபது வருஷம் அந்த வழக்கத்தில் ஊறின கன்னையனுக்குப் போட்டோவுக்கும் மாத்தாள் அனுப்பலாம் என்று தோன்றியதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

தம்பியைக் கூப்பிட்டார். சென்னியப்பன் அதே கம்பெனியில் மாடியில் அயர்னிங் பார்க்கிறவன். அண்ணன் சொல்லைத் தட்டாதவன்.

"ஞாயித்துக்கிழமை சிப்மென்ட் வேலை இருக்குதுடா. மருந்து உட்டா பொழுதுக்கும் கண்ணு மசமசங்குது, துணி பாக்க முடியாது. நீ போய் உக்காந்துட்டு வந்துரு. ஆரு கேக்கப் போறாங்க."

"அதுக்கென்னுங்ணா, போட்டோதானே. போயிட்டு வர்றேன்" என்றான் தம்பி.

சிப்மென்ட் இருந்தது நிஜம்தான். ஆனால் காரணம் அது இல்லை. பழைய கேமராதான் அதிகம் காட்டும் என்று மண்டபத்தில் யாரோ பேசியது அவர் காதில் விழுந்திருந்தது. அதில் இன்னும் எத்தனை புள்ளி வருமோ என்று பயந்தார். தம்பிக்குச் சர்க்கரை கிடையாது, கண் சுத்தமாக இருக்கும், சுத்தமான படம் வரும், அது தன் பேரில் இருக்கும். ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டு பையருக்கு நல்ல துணியில் சாம்பிள் தைத்து அனுப்பிவிட்டு வேறு துணியை ஏற்றுகிற கம்பெனிகளைத் திட்டித் தீர்க்கிறவர் அவர். அன்றைக்கு அவரே அந்த வேலையைச் செய்தார்.

சென்னியப்பன் சாயந்திரம் கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்தான். அங்கே அட்டையைத்தான் பார்த்தார்கள், ஆளைப் பார்க்கவில்லை. "என்ற கல்யாணத்துல கூட இத்தனை போட்டோ புடிக்கலீங்ணா" என்று சிரித்தான். வந்ததும் சொம்பு நிறையத் தண்ணீர் வாங்கிக் குடித்தான். எப்போதும் அப்படித்தான். ஆவியிலேயே நிற்கிறவன், தாகம் எடுக்காதா என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். கம்பெனியில் அவனுக்குத் தண்ணி டேங்க் என்றே பெயர். ஆள் வேறு வருஷத்துக்கு வருஷம் மெலிந்துகொண்டு வந்தான். அதையும் அயர்ன் பாக்ஸின் தலையில்தான் போட்டார்கள்.

பிலிம் படம் உடனே தெரியாது. சுருள் முடிய வேண்டும், கழுவ வேண்டும், சட்டம் போட வேண்டும். பிறகு வேறொரு டாக்டர், கம்ப்யூட்டர் படத்தைப் பார்க்காமலே, அதைத் தனியாகப் பார்த்துச் சொல்வார். இதற்குள் கன்னையன் அந்த விஷயத்தையே மறந்துபோனார். தீபாவளி ஆர்டர் முடிந்த சமயத்தில் அவருடைய செல்போனில் கவிப்பிரியா கூப்பிட்டாள். உடனே வரச் சொன்னாள்.

போனார். ஒரு விளக்குப் பெட்டியின் மேல் சின்ன ஸ்லைடுகள் வரிசையாக இருந்தன. அடியில் வெளிச்சம், மேலே படம். தன் செக்கிங் பலகையே சுருங்கி வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது அவருக்கு. கவிப்பிரியா முகத்தில் சிரிப்பில்லை.

"ஐயா, கம்ப்யூட்டர் படத்துல சின்னப் புள்ளி நாலஞ்சுதான் இருந்துச்சு. பிலிம் படத்துல ரொம்ப மோசமா இருக்குது. புதுசா ரத்தக் குழாயெல்லாம் முளைச்சிருக்குது. அது எப்ப வேணா வெடிச்சு கண்ணுக்குள்ள ரத்தம் நெறைஞ்சிரும். உடனே லேசர் வைக்கணும். புது கேமரா இவ்வளவையும் எப்படித் தவற விட்டுச்சுன்னு எங்களுக்கே புரியலை. உங்க படத்தை வெச்சு உள்ள பெரிய சண்டையே நடக்குது."

கேமரா ஒன்றையும் தவற விடவில்லை என்று அந்தக் கட்டடத்தில் கன்னையன் ஒருத்தருக்குத்தான் தெரியும். அது தம்பியின் கண்.

வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. இத்தனை படித்தவர்களை ஏமாற்றிவிட்டேன் என்று இந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று கூசினார். மருந்து விட்டு மறுபடியும் பார்க்கலாம், உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். நர்ஸ் சொட்டு மருந்தோடு வருவதற்குள் கன்னையன் எழுந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வெளியே வந்துவிட்டார். ரோட்டில் வந்துதான் செருப்பைப் போட்டார். கடையில் திருடிவிட்டு ஓடுகிறவன் கூட இன்னும் கொஞ்சம் கௌரவமாக ஓடியிருப்பான்.

அதற்கப்புறம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. எடுக்காமல் துண்டித்தார். பிறகு போனையே அணைத்து வைத்தார். தம்பியிடம் சொல்லத்தான் நினைத்தார், சத்தியமாக நினைத்தார். ஆனால் சொன்னால், ஏன் அனுப்பினாய் என்ற கேள்வி வரும். சிப்மென்ட் என்று சொன்னது பொய் என்று தெரியும். ஊரார் துணியில் புள்ளி பார்க்கிற அண்ணன் கண்ணிலேயே புள்ளி என்று தெரியும். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் மாடிக்குப் போய், பேச்சோடு பேச்சாக ஆரம்பித்தார்.

"ஏன்டா, நீயும் ஒருக்கா சர்க்கரை டெஸ்ட் எடுத்துப் பாத்துக்கறது."

"எனக்கெதுக்குங்ணா? நானென்ன உங்களாட்ட ஜிலேபிக்கு அலையறனா?" என்று தம்பி சிரித்தான்.

அதோடு விட்டுவிட்டார். நான் சொல்லிவிட்டேன், அவன்தான் கேட்கவில்லை என்று மனசுக்குள் ஒரு கணக்கை முடித்துக்கொண்டு படியிறங்கினார். அன்றைக்கு அவருக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. பின்னாளில் எதை மறந்தாலும் அந்த நிம்மதியை மட்டும் அவரால் மறக்க முடியவில்லை.

பிறகு ஒருநாள் காலையில், துணி ஓடிக்கொண்டிருக்கிறபோது, சென்னியப்பன் கையில் ஒரு வெள்ளை டீசர்ட்டோடு செக்கிங்குக்கு இறங்கி வந்தான்.

"அண்ணா, இதைக் கொஞ்சம் பாருங்க. காத்தாலருந்து எல்லா பீஸ்லயும் கருப்பு நூல் ஒண்ணு ஒட்டியிருக்குது. எடுத்தா வர மாட்டேங்குது. பேக்கிங்ல நாலஞ்சு பீஸைத் திருப்பி உட்டேன், அவிய நூலே இல்லைன்னு எங்கிட்ட சண்டைக்கு வர்றாங்க. உங்க கண்ணுக்குத் தெரியாதது ஒண்ணு இருக்குதா? நீங்க சொல்லுங்க."

கன்னையன் டீசர்ட்டை வாங்கிப் பலகை மேல் விரித்தார். வெள்ளை வெளேரென்று இருந்தது. நூலும் இல்லை, புள்ளியும் இல்லை. தம்பி அதன்மேல் விரலை வைத்துக் கிள்ளிக் கிள்ளி எடுக்கப் பார்த்தான்.

"இதாங்ணா. இப்ப இந்தப் பக்கம் நகருது பாருங்க."

நூல் டீசர்ட்டில் இல்லை, கண்ணுக்குள் இருக்கிறது என்று கன்னையனுக்குப் புரிந்துவிட்டது. மிஷினை நிறுத்தக்கூட இல்லை. தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, பார்க்காத துணி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, வெளியே ஓடினார். "நூல் இருக்குதா இல்லையாங்ணா?" என்று தம்பி கேட்டுக்கொண்டே கூட வந்தான்.

ஆஸ்பத்திரியில் கவிப்பிரியா இவர்கள் இருவரையும் வாசலிலேயே பார்த்தாள். ஒரே ஜாடையில் இரண்டு முகம். அவளுக்கு விளங்கிவிட்டது. சென்னியப்பனை உடனே உள்ளே அனுப்பி, மருந்து விட்டுப் பக்கத்து அறையில் உட்கார வைத்தார்கள். கதவைச் சாத்திவிட்டு அவள் கன்னையனைப் பார்த்துத் திரும்பினாள்.

"இந்தக் கண்ணைத்தான் இத்தனை நாளாத் தேடிக்கிட்டிருக்கோம். ரத்தக் குழாய் பிரியற விதம் ஆளுக்கு ஆள் மாறும். எங்க பெரிய டாக்டர் ரெண்டு படத்தையும் பக்கத்துல வெச்சுப் பாத்துட்டு, இது ரெண்டு பேரோட கண்ணுன்னு சொல்லிட்டார். யாரோட கண்ணுன்னு சொல்ல முடிஞ்சது நீங்க மட்டும்தான். நீங்க போனையே எடுக்கலை."

கன்னையன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அன்னைக்கு நான் ஸ்லைடைக் காட்டினப்பவே உங்களுக்குத் தெரியுமில்லீங்களா?"

"தெரியுங்க."

"தெரிஞ்சுமா எந்திரிச்சுப் போனீங்க?"

"ஆமாங்க."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "அன்னைக்கே கூட்டிட்டு வந்திருந்தீங்கன்னா ரெண்டு கண்ணையுமே உறுதியாக் காப்பாத்தியிருக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். கன்னையன் அந்தச் சாத்தின கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐம்பதை நெருங்குகிற ஆள், ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதார்.

சென்னியப்பனின் வலது கண்ணுக்கு லேசர் வைத்துக் காப்பாற்றிவிட்டார்கள். இடது கண்ணுக்குள் ரத்தம் நிறைந்து, கோயமுத்தூருக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்தும், வெளிச்சம் தெரிகிறது என்பதற்கு மேல் ஒன்றும் தேறவில்லை. அவனால் அயர்னிங்கில் நிற்க முடியவில்லை. அட்டைப் பெட்டி ஒட்டுகிற வேலைக்கு மாறினான். கன்னையன் கம்பெனியில் தனக்குச் சர்க்கரை இருப்பதைத் தானே போய்ச் சொன்னார். சூப்பர்வைசர் கேட்டுவிட்டு, "அதுக்கென்ன, எனக்கும்தான் இருக்குது, கண்ணாடி போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டார். எதற்குப் பயந்து இவ்வளவும் செய்தாரோ அது அவ்வளவுதான். கருத்தம்மாவிடம் போய் நின்று பார்த்தார், என்ன சொல்வதென்று தெரியாமல் திரும்பி வந்தார். யாராவது ஓட்டை என்று கூப்பிட்டால் அப்போதெல்லாம் காது அடைத்துக்கொண்டது.

எல்லாவற்றையும்விட அவரால் தாங்க முடியாதது ஒன்று இருந்தது. தம்பி அவரைப் புகழ ஆரம்பித்திருந்தான். கண் என்னாச்சு என்று யார் கேட்டாலும், "எங்கண்ணனாலதானுங்க இந்த ஒரு கண்ணாவது இருக்குது. அவரு என்னை போட்டோ புடிக்கப் போகச் சொல்லலைன்னா எனக்குச் சர்க்கரை இருக்கறதே தெரிஞ்சிருக்காது. ஓடற மிஷினை அப்படியே உட்டுட்டு என்னை இழுத்துட்டு ஓடுனாருங்க" என்பான். கேட்டவர்கள் கன்னையனைக் கும்பிடாத குறை. தம்பி மனைவி தெய்வாத்தாள் பண்டிகைக்குப் பண்டிகை முதல் பலகாரத்தை அவர் தட்டில்தான் வைத்தாள்.

சென்னியப்பன் மகளுக்கு நிச்சயம் செய்த அன்றைக்கு, மாப்பிள்ளை வீட்டார் நடுவில் தம்பி மறுபடியும் அதையே சொன்னான். சபையில் ஒரு பெரியவர் எழுந்து கன்னையனுக்குத் துண்டு போர்த்தினார். கன்னையனால் அதற்குமேல் முடியவில்லை. பந்தி முடிந்து கை கழுவுகிற இடத்தில் தம்பியைத் தனியாகப் பிடித்தார். தோளில் அந்தத் துண்டு இன்னும் கிடந்தது.

"டேய், நிறுத்துடா. உனக்கு ஒண்ணும் தெரியாது. அது உன்ற கண்ணுன்னு எனக்கு முன்னயே தெரியும். டாக்டரம்மா படத்தைக் காட்டினப்பவே தெரியும். சொல்லாம உட்டுட்டன்டா. வெக்கப்பட்டுக்கிட்டு சொல்லாம உட்டுட்டேன்."

சென்னியப்பன் குழாயை மூடினான். இருக்கிற ஒரு கண்ணால் அண்ணனைப் பார்த்தான்.

"தெரியுங்ணா."

"என்ன தெரியும்?"

"நீங்க டாக்டரம்மாகிட்ட சொன்னது கதவுக்கு அந்தப் பக்கமும் கேட்டுதுங்க. மருந்து கண்ணுலதானுங்க உட்டிருந்தாங்க, காதுல இல்லை."

கன்னையன், "பொறகு எதுக்குடா எல்லார்கிட்டயும் அப்படிச் சொல்றே?" என்று கேட்டார்.

"பின்ன என்னுங்ணா சொல்லச் சொல்றீங்க? எங்கண்ணன் தெரிஞ்சும் சொல்லலைன்னா?"

அதில் கோபம் இருந்ததா என்று கன்னையன் தம்பியின் முகத்தில் தேடிப் பார்த்தார். துணியில் எதையும் கண்டுபிடித்துவிடுகிறவருக்கு அங்கே ஒன்றும் பிடிபடவில்லை. சென்னியப்பன் வேட்டி முனையில் கையைத் துடைத்துக்கொண்டு, அண்ணன் தோளில் சரிந்திருந்த துண்டை எடுத்துச் சரியாகப் போட்டுவிட்டான்.

"வாங்க, சம்பந்தி கூப்புடறாரு" என்று முன்னால் நடந்தான்.

சம்பந்தியின் அண்ணன் ஒருவர் அப்போதுதான் வந்திருந்தார். சென்னியப்பனைப் பார்த்ததும், கண்ணுக்கு என்னங்க ஆச்சு என்று கேட்டார். "எங்கண்ணனாலதானுங்க இந்த ஒரு கண்ணாவது இருக்குது" என்று தம்பி ஆரம்பித்தான். கன்னையன் பக்கத்திலேயே, துண்டோடு, தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவன் சொல்லி முடிக்கிறவரைக்கும் நின்று கேட்டார்.